ஸ்பிரிங் எந்தப் பக்கம்

மாப்ள,

இன்று காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் கூலண்ட்டின் அந்த இனிப்பு வாசனை வந்தது, பாகு காய்ச்சிய சட்டியைக் கழுவாமல் விட்டதுபோல. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் குனியும்போது உன் தோள் இடிக்குமே என்று என் உடம்பு தானாகக் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

ஒரு வாரமாகக் காரில் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர், "தெர்மோஸ்டாட் போயிருச்சுங்க சார்" என்றார். இஞ்சின் சூடானதும் வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற எலுமிச்சை அளவுச் சாமான். அதை மட்டும் மாற்றமாட்டார்களாம். மொத்த செட்டையும் மாற்றவேண்டுமாம், நாலு நாள் வண்டியை விடவேண்டுமாம். அவர் நீட்டிய எஸ்டிமேட்டைப் படித்ததும் எனக்கே முள் ஏறிவிட்டது. "யோசிச்சுப்போட்டு வாரேனுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுகிறவன் நான். பத்தாவதையே இரண்டு தடவை எழுதியவன். ஆனால் இந்த ஒரு வேலை மட்டும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

என் மச்சான் கல்யாணத்துக்கு முந்தின நாள். அப்போதிருந்த பழைய காரிலும் இதே கோளாறு. அன்றைக்கும் டீலர் மூன்று நாள் கேட்டார். "ரெண்டு போல்ட்டுடா. இதுக்குப் போயி மூணு நாளா?" என்று நீ லுங்கியை மடித்துக் கட்டினாய். பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "மாப்ள, ஸ்பிரிங்கு எந்தப் பக்கம் இருந்துச்சு? நீதான பாத்துட்டிருந்தே?"

நான் எங்கே பார்த்தேன்? பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ரேடியேட்டர் பக்கம்டா" என்றேன், ஏதோ அதை நானே செய்து விற்கிறவன் மாதிரி.

மறுநாள் நாம் மூன்று பேரும் பொள்ளாச்சி போகிற வழியில், கிணத்துக்கடவு தாண்டியதும் பானட்டிலிருந்து புகை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, போய் நின்றால்தான் இணைச்சீர் நடக்கும். அது முடிந்தால்தான் அடுத்த சீர். போன்மேல் போன் வருகிறது. நீ பக்கத்துத் தோப்புக்கு ஓடி ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவந்தாய். தாகத்தில் அதில் பாதியை நான் குடித்துவிட்டேன். அப்போதும் நீ திட்டவில்லை.

"ஆருங்க இதை மாட்டுனது?" என்று இவள் கேட்டாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க அம்மணி. தலைகீழா மாட்டிப்போட்டேன்னு நெனைக்கறேன்" என்றாய் நீ. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேங்காய் டெம்போ ஒன்றை நிறுத்தி, பட்டுச்சேலையோடு இவளை டிரைவர் பக்கத்தில் ஏற்றி அனுப்பினோம். சீர் நடந்துவிட்டது. ஆல்பத்தில் இன்றும் இவள் தோளில் ஒரு தேங்காய் நார் ஒட்டியிருக்கிறது.

அதற்கப்புறம் நீ இவளுக்குக் 'கெணத்துக்கடவு மெக்கானிக்கு' ஆனாய். வெட்கம் கெட்டவன், நானும் சேர்ந்து கூப்பிட்டேன். நீயும் சிரித்தாய். ஒரு தடவை தனியாக இருக்கும்போது நான் ஆரம்பித்தேன், "மாப்ள, அன்னைக்கு..." நீ விடவில்லை. "உடுடா. அந்த ஊட்டுல நீ இருக்கோணும். நான் வந்து போற ஆளு."

இன்று நானே கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டையும் கடையில் வாங்கிவந்த புதுசையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். பழசு அசையவில்லை. புதுசு மெல்ல வாயைத் திறந்தது. கைதட்டிவிட்டேன். "அந்தச் சட்டில இனி ஆரு பால் காச்சறது?" என்றாள் இவள். ஸ்பிரிங் இஞ்சின் பக்கம். நாலு தடவை பார்த்துத்தான் போல்ட்டை முறுக்கினேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. இவளையும் ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் போனேன். கிணத்துக்கடவு வந்தது, தாண்டியது. முள் நடுவில் வந்து நின்றது நின்றதுதான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த மூச்சோடு மூச்சாகச் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு ஸ்பிரிங்கு அந்தப் பக்கம்னு சொன்னது நாந்தான்."

இவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அந்த மனுசன் ஊட்டுக்கு வந்தாலே கார் சாவிய அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வெப்பனேங்க" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, முள்ளு நடுவுலதான இருக்குது?"

"நடுவுலதான்."

"அண்ணன் இருந்தா நல்லா சிரிச்சிருப்பாங்க."

அண்ணன் என்றாள், மாப்ள. அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தேன். அந்தக் கேன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கார் மாறினாலும் கேனை நான் மாற்றவில்லை. நான் மறுபடி குடித்துவிடுவேன் என்று அதன்மேல் நீ பேனாவால் எழுதிய 'காருக்கு மட்டும்' மங்கிப்போயிருந்தது. கேனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தேன். பிறகு ஒரு பேனா எடுத்து, உன் எழுத்துமேலேயே, வளைவு தப்பாமல் எழுதினேன்.