இடது ஸ்பீக்கரைப் பற்றி அந்தோணி மாமாவுக்கு

என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து, அன்பு காட்டவும் சண்டை போடவும் எனக்கென்று இருந்த அந்தோணி மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நலமாகத்தான் இருப்பீர்கள். மாட்டிக்கொண்டிருப்பவன் நான். சிதம்பரத்தில், உங்கள் வீட்டு ஹாலில், உங்கள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில்.

உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று ஸ்டெல்லா அக்கா அந்த ஸ்பீக்கர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த வருஷம் வீட்லயே தியேட்டர் செட் பண்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் பண்ணித் தரேன். பண்ணிட்டுத்தான் மஸ்கட் வேலைக்குப் போவேன்" என்று வந்திருந்த சொந்தங்கள் முன்னால் சொல்லிவிட்டேன். டிப்ளமா படித்தவன், தொழிற்சாலைக் கருவிகளைச் சரிபார்த்துச் சம்பாதிக்கிறவன். கடலூரிலிருந்து வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பதினோரு ஞாயிறு ஆகிவிட்டது.

நான் புதிதாகச் சின்ன செட் ஒன்று வாங்கலாம் என்றுதான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. முன்னால் நிற்பது இந்த இரண்டாகத்தான் இருக்க வேண்டும், சுற்றி என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றுவிட்டாள். அவற்றை நீங்கள் வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? பரங்கிப்பேட்டையில் ஒரு பாய் வீடு மாறும்போது விற்றது. ஷேர் ஆட்டோவில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். "மாமா, இது ஸ்பீக்கரா, பீரோவா?" என்று கேட்டேன். "டேய், உன் காதுக்கு பஸ் ஹாரனே ஜாஸ்தி" என்றீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டேன், இப்போது சொல்கிறேன். நல்ல ஸ்பீக்கர்கள் மாமா. இன்று அந்த விலைக்கு அப்படி மரம் வைத்துச் செய்ய மாட்டார்கள்.

முதல் ஞாயிறு உங்கள் பழைய வயர்களைப் பிடுங்கினேன். இடது ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு வயர் கறுப்பு முனையிலும், கறுப்பு வயர் சிவப்பு முனையிலும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. "இவ்ளோ வருஷமா தப்பா மாட்டிக்கிட்டுக் கேட்டிருக்காரு பாரு" என்று அக்காவிடமும் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் சரியாக மாட்டினேன்.

எல்லா ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்ட நான் வாங்கிய புது ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வருகிறது. நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் எழுப்பி அதுவே அளந்து பார்க்கும். அளந்துவிட்டு, இடது ஸ்பீக்கரின் இணைப்பைப் பார் என்று திரையில் எழுதியது. பார்த்தேன். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. பொருட்படுத்த வேண்டாம் என்ற பட்டனை அழுத்தினேன். கருவியைச் சரிபார்க்கிறவனுக்குக் கருவி பாடம் சொல்வதா என்ற திமிர்.

அதற்குப் பிறகு எதுவும் சரிப்படவில்லை. பாட்டுப் போட்டால் பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறையெல்லாம் சிதறிப் போனார். பேஸ் என்கிற அந்தக் கனத்த சத்தமே காணவில்லை. "அவரு இருந்தப்ப இப்படி இல்லடா" என்றாள் அக்கா. நான் தடித்த வயர் வாங்கினேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன், மறுபடி ஒட்டி வைத்தேன். தரையில் கம்பளம் விரித்தேன். ரிசீவரைச் சந்தேகப்பட்டு அதைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போய், நல்லாத்தான் இருக்கிறது என்று தெரிந்து, மறு வாரம் தூக்கிக்கொண்டு வந்தேன். எட்டாவது வாரம் பொறுமை போய், "ஸ்பீக்கர் செத்துடுச்சிக்கா, தூக்கிப் போடு" என்று கத்திவிட்டேன். நீங்கள் செத்துப்போன வீட்டில். அன்று தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டேன்.

இதற்கிடையில், மஸ்கட் போகிறேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால், முதுநகர் கம்பெனியில் என்னை விடுவித்துவிட்டார்கள். மஸ்கட்காரர்களிடம் ஒரு மாதம் தள்ளிக் கேட்டேன், கொடுத்தார்கள். இன்னொரு முறை கேட்க வாய் வரவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். இங்கேயும் வேலை இல்லை, அங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பாதி வழியில் புதுச்சத்திரம் தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிறு, வேறு வழி தெரியாமல், முதல் வருஷப் பையன் செய்கிற சோதனையைச் செய்தேன். ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, வயர்களைக் கழற்றிவிட்டு, பிளஸ் சிவப்பிலும் மைனஸ் கறுப்பிலும் படும்படி ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டேன். வலது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் வந்தது. இடது உள்ளே போனது. மறுபடி தொட்டேன், மறுபடி உள்ளே போனது. திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே உங்கள் ஈயப் பற்று, சுண்டைக்காய் அளவுக்கு. சிவப்பு வயரை மைனஸில் பற்றவைத்திருக்கிறீர்கள்.

எப்போதோ கூம்பு கிழிந்து புதிது மாற்றியபோது தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள். பிறகு கண்டுபிடித்தும், மறுபடி திறக்கச் சோம்பல் பட்டு, வெளியே வயரைக் குறுக்கே மாட்டிச் சரிக்கட்டிவிட்டீர்கள். உள்ளே ஒரு தப்பு, வெளியே ஒரு தப்பு, கேட்கும்போது சரி. நான் வெளித் தப்பை மட்டும் திருத்தினேன். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, ஒன்றின் சத்தத்தை ஒன்று தின்றுகொண்டிருந்தது.

"குறுக்கதான் மாட்டணும்" என்றாள் அக்கா, என் முதுகுக்குப் பின்னால் நின்று. "அவரு சொல்லியிருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். "எப்போ?"

"மாட்டும்போதே. நான்தான டார்ச் புடிச்சேன்."

"பதினோரு வாரமா ஏன் சொல்லல?"

கழற்றிய திருகுகளை ஒரு டப்பா மூடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "மொத நாளு அவர நெனச்சி சிரிச்சியே, அந்தக் கோவம். அப்புறம்... சொன்னா முடிஞ்சிடும். முடிஞ்சா நீ போயிடுவ."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. விசா, கம்பெனி, கையில் வேலை இல்லாதது எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டாள். "போயேன். ஒன்ன யாரு கட்டிப் போட்டிருக்கா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திருகுகளை முடுக்கினேன். வயரைக் குறுக்கே மாட்டினேன். அவள் ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தாள். மாமா, பாடுகிறவர் டிவிக்கு நடுவில் வந்து நின்றார். அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முடியும்வரை கேட்டோம்.

முடிஞ்சிடுச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே பதினோரு வாரம்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் கொஞ்சம் சரி பண்ணணும்க்கா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்." அவள் உடனே, "சரி, சங்கரா மீனு வாங்கி வைக்கிறேன்" என்றாள். பின்னால் இருக்கிற இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாரமே முடித்தவை. அது அவளுக்கும் தெரியும்.

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவன் என்று என்னை ஊரே திட்டும். அன்று ஏன் அப்படிப் புளுகினேன்? அவளுக்காகவா? அந்த வீட்டை விட்டால் நீங்களும் இல்லாமல் போய்விடுவீர்கள் என்ற பயமா? போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் அவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள் மாமா? இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் கவனித்ததில்லை.

வருகிற ஞாயிறு போவேன். மீன் குழம்பு சாப்பிடுவேன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போக மாட்டேன். ரிமோட்டை அக்கா கையில் கொடுத்து, அவளே போட்டு, அவளே அணைக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பிறகு முடிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஃபோனில் இல்லை, பஸ் ஏறும் அவசரத்தில் இல்லை. அழுதாலும், திட்டினாலும், தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாலும், இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்துவிட்டது மாமா. இது உங்களுக்குக் கொடுப்பது.

உங்கள் வாயாடி மச்சான்,
ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு,
கடலூர் முதுநகர்.