இரண்டு புதன்கிழமைக்காரர்கள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன வருடம் நீ கப்பல்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய புட்டியை இன்றுதான் திறந்தேன். கானாக்காரர்கள் ஷிட்டோ என்று சொல்லும் கறுப்பு மிளகாய்த் தொக்கு. காய்ந்த மீனும் இறாலும் எண்ணெயில் வதங்கிய வாசனை, நம் பர்மிய இறால் தொக்கான பலச்சாங்கின் வாசனையேதான். இங்கே நம் லான்மடாப் பேட்டையில், மின்சாரம் போன உன் அம்மாவின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். உன்மேல் மறுபடியும் கோபம் வந்தது.

புவியியல் பட்டம் வாங்கியவன் நான். வோல்டா ஆறு எங்கே கடலில் கலக்கிறது, சகாராவின் தூசு எந்த மாதம் கினி வளைகுடாவரை இறங்குகிறது என்றெல்லாம் எழுதி முதலாவதாக வந்தேன். அந்தத் தூசைத் தின்றவன் நீ. கப்பல் வேலைக்கு இருவரும்தான் மனுப் போட்டோம். இருந்தது ஓரிடம். "ஆறு மாசம்டா. அம்மாவப் பாத்துக்க, ஒன்னையும் ஏத்திவிடுறேன்" என்றாய். கானாவின் தேமா துறைமுகத்தில் இறங்கி, அந்த ஊர் அபேனாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாய்.

பிறந்த கிழமைக்கொரு மூலையும் விலங்கும் இருக்கும் நம் புத்தர் பகோடாவில் புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு மூலைகள். முற்பகலில் பிறந்த உனக்குத் தந்தமுள்ள யானை. பிற்பகலில் பிறந்த எனக்குத் தந்தமில்லாதது. "கொம்பில்லாதவனே" என்றுதான் கூப்பிடுவாய். தேமாவிலிருந்து ஒருமுறை போனில் சிரித்தாய்: "இங்கயும் கெழமைய வச்சுத்தான்டா பேரு. ஆனா புதன்ல காலை, சாயங்காலம்னு பிரிக்கல. நீயும் க்வாகு, நானும் க்வாகு." சமமாகிவிட்டோமாம்.

நீ இறந்து பல வாரங்கள் ஆகின்றன. உன் உடல் இன்னும் பிணவறையில் கிடக்கிறது. அபேனாவின் மக்களிடையே இறந்தவன் மனைவிக்குச் சொந்தமில்லை, தாய்வழிக்குச் சொந்தம். உன் அம்மா சொல்லாமல் அவர்களின் பெரியவர்கள் குழி வெட்டமாட்டார்கள். அபேனா போனில் ஆங்கிலத்தில் என்னிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுகையைத் தாங்குவதும் நான், மருந்துக்கு அலைவதும் நான். நீயும் கொஞ்சம் காத்திருந்து பாரேன் என்றும் இருந்தது.

இன்று சோற்றில் அந்தத் தொக்கை வைத்தேன். அம்மா முகர்ந்துவிட்டு, "அவனா அனுப்பிச்சான்? ஏன்டா போன் பண்ணமாட்டேங்கிறான்?" என்றாள். சொல்லிவிட்டேன்.

தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பொணத்த வச்சுக்கிட்டா உக்காந்திருக்கா? அடக்கம் பண்ணச் சொல்லு" என்றாள். அபேனாவைக் கூப்பிட்டு, அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். போனை வைத்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் எங்கயும் போயிடாதப்பா."

எங்கே போவேன்? கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. புதிது கிடைத்தாலும் அம்மாவின் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து தெருவரை தொங்கும் அந்த மணிக்கயிறு என்னை விடாது. நாளைக்கும் அதில் காய்கறிப் பையை மாட்டி மணியை இழுக்கவேண்டும்.

அடக்கம் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை என்றாள் அபேனா. தெருவை அடைத்து நாற்காலி போட்டு, சிவப்பும் கறுப்பும் உடுத்தி ஊரே வருமாம். அந்தக் கடற்கரையின் வழக்கப்படி உன் சவப்பெட்டியைக் கப்பல் வடிவில் தச்சர்கள் செய்வார்களாம். இந்தமுறையும் கப்பல் உனக்குத்தான்.

இந்தக் கடிதத்தை அந்தப் பெட்டியில் வைக்கச் சொல்லி அபேனாவுக்கு அனுப்புகிறேன். தமிழ் அவளுக்குத் தெரியாது, நல்லது. கீழே க்வாகு என்று எழுதினால் உன் பெயராகிவிடும். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியது எந்த யானை என்று உனக்குத் தெரியும்.