இலவசப் படத்தில் உன்னைப் பார்த்தாளாம்

அன்பு மச்சான் வேலு,

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நீ கிடக்கும் சிங்கப்பூருக்கு இப்போது சியோனான் என்று பெயர். பழைய பெயரைச் சொன்னால் ஜப்பான்காரன் முறைக்கிறான். இங்கே நம் ஊர் காஜா பெராங்கில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். இந்தக் காகிதம் எவன் கையிலாவது சிக்கினால் என் கதை முடிந்தது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் பெண்சாதி பாக்கியம் ஒரு விபரீதத்துக்குத் துணிந்துவிட்டாள்.

போன வாரம் பண்டார் ஹிலிர் கொட்டகையில் இலவசப் படம். வீட்டுக்கு ஒருவராவது வந்தாகவேண்டும் என்று உத்தரவு. சும்மா எவன் படம் காட்டுவான்? எனக்கு அப்போதே சந்தேகம்.

திரையில் ஒரே சண்டை. குண்டடி பட்டவன் தானாக எழுந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய நமக்குத் தெரியாதா, அடிபட்டவன் எப்படி ஓடுவான் என்று? முழுப் படத்திலும் ஒரு ஸ்ட்ரெச்சர் இல்லை, மச்சான். நாம் இருந்ததாகவே காணோம்.

பிறகு கைதிகள் முகாம். நம் ஆட்கள் புதுச் சட்டையோடு சோறு சாப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சோறு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் முகாமில் இருந்தபோது எங்களையும் அப்படித்தான் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். எடுத்து முடித்ததும் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பாதிச் சோற்றோடு தட்டையும் பிடுங்கினார்கள்.

அப்போதுதான் பாக்கியம் என் கையைப் பிடித்தாள். "அண்ணே, ரெண்டாவது வரிசைல அவருதான்! கழுத்தச் சாய்ச்சி சிரிச்சாரு, பாத்தீங்களா?"

பார்த்தேன். யாரோ ஒருவன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனால், நான் முகாமிலிருந்து வந்து சேதி சொன்ன பதினாறாம் நாள் தாலி கழற்றிய கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு. வியாழக்கிழமை லாரியில் பிள்ளையோடு சியோனான் போய் உன்னைத் தேடப்போகிறாளாம். வழியெல்லாம் சோதனை. தொண்டர் படைக்காரன் குடும்பம் என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ?

"எல்லாம் நடிப்பும்மா. என்னையும் அப்படித்தான் படம் புடிச்சானுங்க."

"சரிண்ணே. அவரு எப்படி செத்தாருன்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். நெஞ்சில் குண்டு, ஒரு நொடிதான், வலியே இல்லை, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே நீ கண்ணை மூடினாய் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "போன தடவ தலையிலன்னு சொன்னீங்க. படம் பொய்ங்கிறீங்க, அப்ப இது என்னாண்ணே?"

அவளுக்கு நானும் ஒரு படம்தானே காட்டியிருக்கிறேன்! என்னை நம்பாமல் திரையை நம்பினால் அவள் மேல் என்ன தப்பு?

உண்மையில் உனக்குக் குண்டு பட்டது வயிற்றில். காலையில் விழுந்தாய், நடுப்பகல்வரை உயிர் இருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாய். வயிற்றில் அடிபட்டவனுக்கு ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்பது நமக்குச் சொல்லித்தந்த பாடம். ஸ்ட்ரெச்சரின் மறுபக்கத்தைப் பிடிக்க யாராவது வருவார்கள், உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று நம்பினேன். அதனால் கொடுக்கவில்லை. யாரும் வரவில்லை. எப்படியும் போகப்போகிறவன் என்று தெரிந்த பிறகாவது ஒரு வாய் கொடுத்திருக்கக் கூடாதா நான்? என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாய்?

நாளைக்குக் காலையில், லாரி கிளம்புவதற்கு முன், பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீ எத்தனை நேரம் கேட்டாய் என்பதையும், என் தண்ணீர்க் குப்பி நிரம்பியே இருந்தது என்பதையும். இப்படி ஒரு பொய்யை எவனும் தன் மேல் கட்டிக்கொள்ள மாட்டான், அவள் நம்புவாள். அப்புறம் என் முகத்தில் விழிக்கவே மாட்டாள். பரவாயில்லை, அவளும் பிள்ளையும் ஊரிலேயே இருந்தால் போதும்.

நாளைக் காலைவரை அவளுக்கு அண்ணனும்
உனக்கு என்றும் மச்சானுமான,
சிங்காரம்