கன்னியா மலைக்குப் போனவருக்கு

ஞாயிறு காலை

மகள்ட வாப்பாவுக்கு,

பாதையில்லாத காட்டில் திசை பிடித்து நடக்கப் பழகுவதாகச் சொல்லி நேற்று விடியக் கன்னியா மலைக்குப் போனீங்கள். இன்னும் வரவில்லை. முன்வீட்டு மஜீத் காக்காவோடு தேடிப் போகிறேன். மலையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாது, வீட்டில் இருக்கவும் ஏலாது.

அதற்குள் வந்துவிட்டால், குசினியில் சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கோ. மகளும் வீட்டுக் கதவுத் திறப்பும் பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி அக்காவிடம். "வாப்பாக்கு வழி தெரியுந்தானே?" என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன். எங்களைத் தேடித் திரும்ப வெளிக்கிட வேண்டாம்.

ரபீக்கா

இன்னொன்று: திசைகாட்டியைக் காணவில்லை என்று கத்தினீங்கள். நான்தான் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அது இல்லாமல் போகமாட்டீங்கள் என்று நினைத்தேன்.