வலம்புரி கேட்டால் இடம்புரி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கோடு படுத்தே கிடக்கிறது. டி.என்.ஏ. இழைகளை மடித்துக் குச்சியாக்கி, அதைச் சுற்றிப் பொன்துகள்களைச் சுருள் படிக்கட்டு மாதிரி ஒட்டுகிறோம். வலம்புரியாகச் சுற்றினால் ஒளியும் திரும்பும், கருவியில் கோடு மேலே எழும்பும். எழும்பினால்தானே!

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா மூட்டை கட்டிடலாம்" என்றார் ஆய்வகத் தலைவரான மேடம். மூட்டை கட்டினால் குண்டூசிக்கு இங்கே வேலை போய்விடும். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் என் கூட்டாளி அவள். ஆள் ஒல்லி, வாய் குத்தும். அவள் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 4, புதன்

கரைசலில் உப்பைக் கூட்டினோம், சுடவைத்ததை இன்னும் மெதுவாக ஆறவிட்டோம். என் நாற்காலிச் சக்கரம் கழன்றுவிட்டது. குண்டூசி பக்கம் போய் ஒட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே வேலை.

அம்மா போனில்: "கண்ணுக்கே தெரியாத தங்கமா? அதை மாட்டிக்கிட்டு எங்கடி போறது?"

மார்ச் 5, வியாழன்

கோடு அசைந்தது! ஆனால் கீழே. பெரிய குழி. அழுகையே வந்துவிட்டது.

"மெஷின்ல தூசியா இருக்கும்" என்றார் மேடம். தூசி இவ்வளவு ஒழுங்காகக் குழி தோண்டுமா?

குண்டூசிதான் திடீரென்று கத்தினாள். "அடியே, நேத்து நீ எங்க உக்காந்திருந்த?"

ஐயோ! இழைகளைச் சொட்டுச் சொட்டாக வைத்திருக்கும் குழித்தட்டில் மேல் வரிசைகளில் வலம்புரிக்கானவை, கீழ் வரிசைகளில் இடம்புரிக்கானவை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். வரிசை எழுத்துகளை ஒட்டுத்தாள் மறைத்திருந்தது, தட்டின் மேல்பக்கம் எது என்று காட்டும் வெட்டிய மூலையையாவது பார்த்திருக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இடம்புரியை எடுத்திருக்கிறேன். மக்கு, மக்கு!

அப்படியென்றால்... பொன் சுற்றியிருக்கிறது. இடப்பக்கமாக, கச்சிதமாக! இரண்டு வகையும் உடனே செய்து வைத்தோம்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு மலை, ஒரு குழி. கண்ணாடியில் பார்த்த மாதிரி.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "தூசிக்கு ரெண்டு பக்கமும் திரும்பத் தெரியாது" என்றார். பிறகு சிரித்தே விட்டார்! "மூட்டையைப் பிரிங்க." குண்டூசி என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் கையுறை கிழிந்தது. சந்தோஷம், சந்தோஷம், வேறென்ன எழுத!

மார்ச் 9, திங்கள்

புது நாற்காலி வந்தது. "இனிமே ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காருங்க" என்றார் மேடம்.

"மூஞ்சியைப் பாக்காம எப்படி மேடம் சண்டை போடறது?" என்றாள் குண்டூசி.

தட்டுகளின் வெட்டிய மூலைகளுக்கெல்லாம் சிவப்பு நகப்பூச்சு தீட்டிவிட்டாள். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள்.