மார்ச் 31-இன் ஆக்சிஜன்

ஏப்ரல் 20, காலை 9:10
செவ்வாய், தென் முகாம். எழுதுவது இசக்கியம்மாள், பாறை ஆய்வாளர், இங்கே இருக்கும் ஒரே ஆள். சூரியத் தகடுகளில் தூசு தட்டினேன். மாதத் தொடக்கத்தில் விரிசல் விட்ட ஆக்சிஜன் தொட்டிக்கு ஒட்டுப் போட்டாயிற்று, கசிந்தது கசிந்ததுதான். மீதி எட்டு சதவீதம். மேலே சுற்றும் சரக்குக் கலம் நாளை மறுநாள் முற்பகலில் ஒரே முறை இறங்கும். வடக்கு, தெற்கு இரண்டு முகாம்களில் எங்கே ஆக்சிஜன் குறைவோ அங்கே இறங்கும். பூமியில் தயாராகும் ரிப்போர்ட்டை மட்டும் படித்து அதுவே முடிவெடுத்துக்கொள்ளும். ஆகவே கவலையில்லை.

ஏப்ரல் 21, காலை 11:40
கவலை இருக்கிறது. ரிப்போர்ட்டில் எனக்கு எழுபத்தொரு சதவீதம் காட்டுகிறதாம். பூமியில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணி அனுப்பியது:
"அக்கா, மேல இருக்க தேதி ஃபில்டர்ல இன்னைக்குத் தேதி போட்டுப் பாத்துட்டேன். நேத்தயதும் போட்டேன். நம்பரு அசைய மாட்டேங்கு. நீங்க மீட்டர ஒருக்கா தட்டிப் பாருங்களேன்."
அவனுக்காகத் தட்டினேன். ஏழு.

மாலை 4:05
ரிப்போர்ட்டின் ஃபார்முலாவை வரவழைத்துப் படித்தேன். கணக்குப் பிரிவின் ஆண்டு இறுதி இருப்பு ஃபார்முலாவை எந்தப் புண்ணியவானோ அப்படியே எடுத்து என் முகாமின் ஆக்சிஜனுக்கு மாட்டியிருக்கிறார். அதன் உள்ளே மார்ச் 31 உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு தேதி இருந்தால், மேலே நாம் தேர்ந்தெடுக்கும் தேதியைத் தள்ளிவிட்டு அதுதான் செல்லும். ஜெபமணி ஏப்ரல் முழுவதையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் வருவது மார்ச் 31-இன் ஆக்சிஜன். அன்று தொட்டி நன்றாக இருந்தது. உள்ளே இருக்கும் தேதியை எடுத்துவிடச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 22, காலை 10:20
"அக்கா, அந்தத் தேதிய எடுக்கக் கூடாதுன்னு கணக்குப் பிரிவுல ஒத்தக்கால்ல நிக்காவ. ஆடிட் நடக்குல்லா. நான் ஒரு வழி பண்ணிருக்கேன். அதுவும் இருக்கட்டும், நாம போடுத தேதியும் இருக்கட்டும்னு ரெண்டயும் சேத்து வச்சிட்டேன். நிம்மதியா இருங்க."
மார்ச் 31 ஆகவும் ஏப்ரல் 22 ஆகவும் இருக்கிற நாள் எது? ஒரு வரிகூடத் தேறாது. ரிப்போர்ட்டில் என் கட்டம் காலியாக நிற்கும். காலிக் கட்டத்தைக் கண்டால் முகாமில் ஆளில்லை என்று கலம் எடுத்துக்கொள்ளும். உடனே மாற்றச் சொன்னேன். என் குரல் அவனை எட்ட இருபது நிமிடம்.

10:32
ஜன்னலில் ஒரு வெளிச்சக் கோடு. வடக்கே இறங்கியது. அங்கே நான்கு பேர், அறுபது சதவீதம். அங்கிருந்து இங்கே வர வண்டிக்கு இரண்டு வாரம்.

ஏப்ரல் 24, மதியம்
"அக்கா... அந்தத் தேதிய எடுத்துட்டேன். யாருட்டயும் கேக்கல. இப்ப சரியாக் காட்டுது. மூணு. அக்கா, நாந்தான்..."
அதற்குமேல் அழுகை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்குப் பிரிவின் மேல் இருக்கிறது, நிறைய. அதைக் கோர்வையாக எழுதத் தெம்பில்லை. படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நேரம் பார்க்கவில்லை
மீட்டரில் ஒன்று. இதைக் கண்டெடுப்பவர் ஜெபமணியிடம் சேர்த்துவிடவும். தம்பி, அழாதே. ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்ததும் பதறிப்போய் ஃபார்முலாவைத் தொட்டுவிடாதே. அது சரியான எண்