தவிட்டுப்பழத்தின் தொடருக்கு அக்காவின் கருத்து

ரங்கா, என் கண்ணு,

உன் போனில்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், நீயும் பொறுமையாகத்தான் படிக்க வேண்டும். உன் அக்கா மகள் நிலா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அப்பா தோட்டத்தில் இருக்கிறார். நீ போய் நாளையோடு ஆறு மாதம் ஆகிறது.

முதலில் ஊர்ச் சேதி சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு இன்னும் விலை வந்தபாடில்லை. நீ திருப்பூருக்குப் பஸ் ஏறிய வருஷம் எப்படிக் கிடந்ததோ அப்படியேதான் கிடக்கிறது. ஃபேக்டரிக்காரர்கள் கோட்டா போட்டுவிட்டார்கள், அதற்கு மேல் கொண்டுபோனால் திருப்பி அனுப்புகிறார்கள். மேல் வளைவில் இரண்டு வீட்டுக்காரர்கள் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.

இலை லாரி எப்போது வரும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஷெட்டில் மூட்டையைப் பிரித்து இலையைத் தரையில் பரப்பிப் போட்டுவிட்டு, நாங்கள் பொம்பளைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். கையில் போன் இருக்கிறவர்கள் கதை படிப்போம். இப்போதெல்லாம் எத்தனை கதைகள் ஓசியில் கிடைக்கின்றன! அப்படித்தான் ஒருநாள், கோத்தகிரி என்ற பேரைப் பார்த்து ஒரு தொடரைத் திறந்தேன். எழுதியவர் பெயர் தவிட்டுப்பழம்.

கீழ்நாட்டிலிருந்து டூர் வந்த யாரோ, பஸ் ஸ்டாண்டில் நம் மலையில் விளைகிற தவிட்டுப்பழம் ஒரு கூறு வாங்கித் தின்றுவிட்டு அதையே பேராக வைத்துக்கொண்டது என்று நினைத்தேன். எழுதுவது நீ என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அப்படி நினைக்க வைத்ததும் நீதான். முதல் பாகத்திலேயே உன் கதையில் வருகிற ஜீவாவும் அன்பும் இலையைச் சாக்கில் திணித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! நிலாவின் பேரில்தானே எனக்குக் கணக்கு இருந்தது, அதிலிருந்தே கருத்து எழுதினேன்.

"ஏனுங்க எழுத்தாளரே, தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால பாத்திருக்கீங்களா? சாக்குல அழுத்தி மேல உக்காந்தா இலை வெந்து செவந்து போயிரும். எந்த ஃபேக்டரிக்காரன் வாங்குவான்?"

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "தப்புத்தானுங்க அக்கா. திருத்திக்கிறேனுங்க."

ஒரு எழுத்தாளர் என்னைப் போல ஒருத்திக்குப் பதில் எழுதுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அன்றிலிருந்து உன் தொடருக்கு நான் அடிமை. நீயும் விடவில்லை. நான்கு பாகத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு தப்பு இருக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை செடிக்கு வெட்ட வேண்டிய கவாத்தை ஜீவாவின் அப்பா வருஷா வருஷம் வெட்டுவார், பனி கொட்டுகிற தை மாதத்தில் கொழுந்து மளமளவென்று துளிர்க்கும். நான் திட்டுவேன், நீ திருத்திக்கொள்வாய். பொழுது நன்றாகப் போனது.

கதை எதைப் பற்றியது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை, ரங்கா. காலேஜில் படிக்கிற இரண்டு பையன்கள், நல்ல சிநேகிதர்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அன்பு தூங்குகிற மாதிரி ஜீவாவின் தோளில் சாய்ந்தானே, ஜீவா பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டானே, அப்போதுதான் உறைத்தது. போனை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு திறந்து மீதியைப் படித்தேன். "இதெல்லாம் எங்க பக்கம் நடக்காதுங்க" என்று கீழே எழுதினேன். அதற்கும் நீ நன்றி சொன்னாய்.

உன் வாசகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு தனி உலகம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், கலாச்சாரம் கெட்டுப்போகிறது, இதோடு இந்தத் தொடரைப் படிக்கப்போவதில்லை என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தவறாமல் எழுதுவார். அடுத்த பாகம் வந்ததும் முதலில் ஓடி வருகிறவரும் அவர்தான். ஒரு பெண், "ரெண்டு பேரும் பேசிப் பேசியே எங்களைக் கொல்றாங்க, ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்ல வைங்க" என்று சண்டைக்கு வருவாள். இன்னொரு அம்மா, மகன் போனில் இந்தக் கதை திறந்திருந்ததைப் பார்த்துத் திட்டுவதற்காகப் படிக்க ஆரம்பித்தாளாம். முழுசும் படித்துவிட்டாளாம். மகனிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை இப்போது சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று எழுதியிருந்தாள்.

ஒரு பையன் எழுதியது எனக்கு மனப்பாடம். "எனக்குப் பத்தொன்பது வயசு. எங்களை மாதிரி ஆளுங்க வர்ற கதையில கடைசியில யாராவது ஒருத்தர் செத்துப் போறாங்க. ப்ளீஸ், இதுல யாரையும் சாகடிச்சிராதீங்க." நீ அவனுக்கு, "சத்தியமா மாட்டேன் தம்பி" என்று எழுதியிருந்தாய்.

இத்தனை பேருடைய கருத்தையும் படித்தவள்தான் நான். ஆனால் நான் எழுதியது என்ன?

கடைசியாக நீ போட்ட பாகத்தில், ஜீவா தன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அன்பையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான். இருவரும் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டு, வாசகர்களைக் கேட்டாய்: "அக்கா என்ன சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க."

அன்று எங்கள் இலையைப் பாதிக்கு மேல் திருப்பிவிட்டார்கள். முற்றல் இலையாம். லாரிக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், அந்த எரிச்சலோடு உன் கேள்விக்குப் பதில் எழுதினேன். "எங்க ஊட்லயா இருந்தா செருப்பு பிஞ்சிருக்கும். எந்த அக்காவும் இதைத் தாங்க மாட்டா. கதைன்னா என்ன வேணாலும் எழுதலாம்."

அதற்கு நீ திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாகமும் வரவில்லை. எழுத்தாளருக்குக் கோபம் போல என்று நினைத்து, நான் வேறு தொடருக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் பொங்கலுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இளைத்திருந்தாய். கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்றாய். நான் அடுப்பில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும்."

"என்னடா, பொண்ணு பாக்கச் சொல்றியா? அதுக்கெதுக்கு இத்தனை வெக்கம்? அவிநாசிப் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருக்குது, தாராளமாப் பாக்கலாம்."

"இல்லக்கா." கதவுநிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டீ நல்லா இருக்குது" என்றாய். உன் கையில் அப்போது டீயே இல்லை, ரங்கா. நான் இன்னும் வடிகட்டவே இல்லை. அதைக்கூடக் கவனிக்காத அக்கா நான்.

மாசி மாதம் மஞ்சள் காமாலை வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் உன்னை மலையேற்றிக் கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸில் உன் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து வந்தார். வளைவுகளில் உன் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். "யாருங்க நீங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "ரூம்மேட்டுங்க. பேரு பிரபுங்க" என்றார்.

நல்ல சிநேகிதர் என்று நினைத்தேன். முன்பு உன் கதையைப் படித்தபோதும் இப்படித்தானே நினைத்தேன்?

கருமாதிக்கும் வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவர் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. பந்தியில் உட்கார வைத்தேன், இலையில் வைத்ததை அளைந்துகொண்டே இருந்தார். கிளம்பும்போது உன் போனை என்னிடம் கொடுத்து, அதைத் திறக்கிற நம்பரையும் சொன்னார். பிறகு, "அக்கா, ரங்காவோட பழைய சட்டை ஏதாச்சும் இருந்தா ஒண்ணு தர முடியுங்களா?" என்று கேட்டார்.

"செத்தவங்க துணியைக் குடுக்கறது வழக்கமில்லீங்க. பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்று சொன்னேன். சரிங்கக்கா என்று தலையாட்டிவிட்டுப் போனார். இறக்கத்தில் இரண்டு தடவை நின்று நின்று போனார்.

உன் போனைத் தொட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. படம் மாட்டுவதற்கு நீ சிரித்த மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று சென்ற வாரம் திறந்தேன். அடுத்த பாகம் எப்போது, உடம்புக்கு என்ன, எழுத்தாளரே எங்கே போனீர்கள் என்று வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. யாருக்கோ வரவேண்டியது உனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு பேரைப் பார்த்தேன், தவிட்டுப்பழம்.

கீழே தள்ளிக்கொண்டே போனால், என் கணக்குக்கு வைத்திருந்த நிலாவின் முகம். தொட்டிலில் கிடந்தபோது நீயே எடுத்த போட்டோ. அதற்குப் பக்கத்தில், செருப்பு பிஞ்சிருக்கும். முதல் கருத்திலிருந்தே அது நான்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே பிரபுவைக் கூப்பிட்டேன். "அந்தக் கதை..." என்றேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகுதான் சொன்னார்.

"அந்தத் தப்பெல்லாம் வேணும்னே எழுதறதுங்கக்கா. பத்து வயசுல இருந்து மூட்டை சொமந்தவன், அவனுக்குத் தெரியாதுங்களா? 'இன்னைக்கு எங்கக்கா வந்து திட்டுவா பாரு'ன்னு போனையே பாத்துட்டு இருப்பானுங்க. நீங்க திட்டுனா எனக்குப் படிச்சுக் காட்டுவான். கதையைப் பத்தியும் ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா, அதை நாலு தடவை படிப்பானுங்க."

"நான் கடைசியா எழுதுனதைப் பாத்துட்டு என்ன சொன்னான்?"

"போனைக் கவுத்து வெச்சுட்டானுங்க. அடுத்த பாகத்தை எழுத உக்காந்தான், முடியலீங்க."

தேடினேன். பாதியில் விட்ட அந்தப் பாகம் இருந்தது. 'அக்கா கதவைத் திறந்தாள்' என்று தலைப்பு மட்டும் போட்டிருக்கிறாய். கீழே ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்று இடத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் அடுத்த பாகமாக இதையே போட்டுவிடுவேன்.

தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். நீ நேரில் சொல்லியிருந்தால் முதலில் கத்தியிருப்பேன். இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் பேசியிருப்பேன் ரங்கா, உன்னோடு பேசாமல் எனக்கு இருக்க முடிந்ததே இல்லையே? அந்த மூன்றாம் நாளை நீ எனக்குத் தரவில்லை. நீ வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கருத்தை எழுதி நான்தான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

அப்பாவிடம் நேற்று முன்தினம் எல்லாவற்றையும் சொன்னேன், பிரபுவை இங்கே கூப்பிட்டிருக்கிறேன் என்பதையும். அவர் பாட்டுக்குக் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நேற்று முழுக்கப் பேச்சில்லை. இன்று காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவும்போது கேட்டார். "அந்தப் பையனுக்கு இந்தக் குளுரு ஆகுமா? வரும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு."

இதைப் படித்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும்: உங்கள் எழுத்தாளர் கோபித்துக்கொண்டு போகவில்லை, செத்துப்போய்விட்டான். அந்தப் பத்தொன்பது வயசுத் தம்பிக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன், சாமி, கதையில் யாரும் சாகவில்லை. ஜீவாவும் அன்பும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என் தம்பி உனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. கதையை முடித்துவைக்க எனக்குத் தெரியாது. அக்கா என்ன சொல்லுவாள் என்று அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், முன்பு எழுதியதை அழித்துவிட்டு. "ரெண்டு பேரும் உள்ள வாங்க. குளுருல எத்தனை நேரம் நிப்பீங்க?"

ரங்கா, ஞாயிற்றுக்கிழமை பிரபு வருகிறார். பஸ் ஸ்டாண்டுக்கு நானே போகிறேன். உன் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், அதில்தான் இன்னும் உன் வாசம் இருக்கிறது. எனக்கு வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனாலும் அவருக்குத்தான் கொடுப்பேன். யார் என்று தெருவில் யாராவது கேட்டால் ரூம்மேட் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கள் ரங்காவுடன் வாழ்ந்தவர் என்று சொல்வேன். அதற்கு மேல் எவளாவது வாயைத் திறந்தால், உன் அக்காவின் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டு பேருக்கும் அக்கா,
சுமதி